ஒன்பது சதவீத ஈரம்

அத்தியாயம் 4

கண்டக்டருக்குப் பயம் வந்தால் வாய் நீளும். பேருந்தில் டிக்கெட் கிழித்த காலத்திலேயே அப்படித்தான். ஒரு மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது வண்டி நிற்கும்வரை பயணிகளுக்கு ஜோக் சொல்லிக்கொண்டே வந்த ஆள் அவர். வேலையை விட்டுவிட்டு அக்காவின் துப்பறியும் தொழிலுக்கு உதவியாளாக வந்து சேர்ந்த பிறகும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது, பயமும் ஒட்டிக்கொண்டது. இன்று காலை இந்தத் தொழிற்சாலைக்குள் கால் வைத்ததிலிருந்து அவர் வாய் மூடவில்லை.

மூடாததற்குக் காரணம் லேப் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது. கரி படிந்த ஒரு சுவர். தொண்டைக் கரகரப்புக்கு மாத்திரை செய்யும் தொழிற்சாலை அது. மாத்திரைக்கான ஈர மாவைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் காய வைக்க ஆள் உயர இரும்பு அலமாரிகள் உண்டு. டிரையர் என்பார்கள். அடியில் சூட்டுக் கம்பி, முதுகில் காற்றாடி. போன வாரம் அப்படி ஒரு டிரையர் வெடித்துக் கதவு பிய்ந்து எதிர்ச் சுவரில் போய் மோதியது. முன்னால் நின்றிருந்த ஆள் முகம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பேச்சு இல்லை.

"அக்கா, இருமல் நிக்கறதுக்கு மாத்திரை செய்யற இடத்துல மூச்சையே நிறுத்திட்டாங்களே" என்றார் கண்டக்டர்.

"வாயை மூடுடா" என்றாள் அக்கா. ஐம்பது வயதுக்காரி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கட்டடங்களைப் பார்வையிட்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவள். இந்த வெடிப்பைப் பார்க்கவும் அந்தக் கம்பெனிதான் அவளை அனுப்பியிருந்தது. சாம்பலைப் பார்த்தால் அவளுக்குப் பசி எடுக்கும் என்று தம்பி சொல்வதுண்டு.

லேப்பில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் முதலாளி. உருளைக்கிழங்கு மூட்டையைச் சட்டைக்குள் வைத்துத் தைத்ததுபோல் உடம்பு, விரலிடுக்கில் எப்போதும் பற்ற வைக்காத ஒரு சிகரெட். அவர் பக்கத்தில் அவருடைய மாப்பிள்ளை. உற்பத்திப் பொறுப்பு முழுக்க அவர் கையில்தான். தொழிலாளிகள்கூட 'மாப்பிள்ளை சார்' என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண். மாவின் ஈரத்தை அளந்து சொல்வது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் லேப் மேடம். டிரையர் அறையைப் பார்த்துக்கொள்பவர் அவளுடைய புருஷன். அதுதான் இப்போது அவள் தலைக்கு வந்த வினை.

"புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என் கம்பெனியைக் கவுக்கறாங்க" என்றார் முதலாளி. "நல்லாக் காய்ஞ்ச மாவை இவ ஈரம்னு திருப்பி அனுப்புவா. அவன் மறுபடி போட்டுக் கருக்குவான். கடைசியில டிரையரையே கொளுத்திட்டான். எதிரிக் கம்பெனிக்கு விலை போயிட்டாங்க. இன்ஸ்பெக்டர் வந்துட்டே இருக்கார். அவனைக் கையோட கூட்டிட்டுப் போகப் போறார். நீங்க பார்க்கறதை அதுக்குள்ள பார்த்துக்குங்க."

"அவர் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்" என்றாள் லேப் மேடம். குரல் பாதியிலேயே உடைந்தது. "ரெண்டு குழந்தைங்க இருக்கு எங்களுக்கு. அவரை உள்ள வச்சுட்டாங்கன்னா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

"கெஞ்சி என்ன பிரயோஜனம்? ஈரம் அளக்கற மிஷினைத் தப்பாக் காட்டற மாதிரி மாத்தி வச்சது நீதானே?" என்றார் மாப்பிள்ளை. மிருதுவான குரல்தான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி இறங்கியது.

முதலாளியின் போன் அடித்தது. மாமனும் மருமகனும் ஆபீஸ் பக்கம் போனார்கள். கதவு சாத்தியதும் அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அழுது முடிச்சிட்டியாம்மா? முடிச்சிட்டா, இந்த மிஷின் என்ன பண்ணுதுன்னு எனக்குக் காட்டு."

மேசைமேல் ஒரு சின்ன இயந்திரம் இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு அலுமினியத் தட்டு, மேலே வளையமாக ஒரு விளக்கு. லேப் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டப்பாவிலிருந்து வெள்ளை மாவை ஸ்பூனில் எடுத்துத் தட்டில் பரப்பினாள். மூடினாள். விளக்கு சிவந்தது.

"முதல்ல மாவை எடை போட்டுக்கும். அப்புறம் விளக்கு சூடு பண்ணும். சூட்டுல ஈரம் ஆவியாப் போகும், எடை குறைஞ்சுக்கிட்டே வரும். இனிமே குறையலைன்னா நிறுத்திடும். எவ்வளவு குறைஞ்சுதோ அதான் ஈரம்."

"என் கல்யாணத்துலயும் இதேதான் நடந்தது" என்றார் கண்டக்டர். "முன்னாடி ஒரு எடை, பின்னாடி ஒரு எடை. குறைஞ்சது பூராவும் நிம்மதி."

இயந்திரத்தின் எண்கள் ஏறிக்கொண்டே போய் ஒன்பதில் நின்றன.

"ஒன்பது சதவீதம்" என்றாள் லேப் மேடம். "மூணுக்குள்ள இருக்கணும். தாண்டினா திருப்பி டிரையருக்கு அனுப்பணும், அதான் இங்க சட்டம். இப்ப கொஞ்ச நாளா எல்லா மாவும் இப்படித்தான் வருது. ஆனா தொட்டுப் பாருங்க மேடம்."

அக்கா மாவை விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். சலசலவென்று மணல்போல் உதிர்ந்தது. ஒன்பது சதவீதம் தண்ணீர் உள்ள மாவு இப்படி உதிராது, கையில் ஒட்டும்.

"இதே மாவை முதலாளி வெளி லேப்புக்கு அனுப்பினார். அங்க ரெண்டு சதவீதம்னு வந்திருக்கு. அதை வச்சுத்தான் என்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்க. நான் மிஷினைத் தினமும் காலையில எடைக்கல்லு வச்சு சரிபார்க்கறேன். என்மேல சத்தியமா அது சரியா இருக்கு."

"உன்மேல சத்தியம் வேண்டாம், அந்த லேப் நம்பர் குடு" என்றாள் அக்கா.

ஸ்பீக்கரில் ஒரு சோம்பல் குரல் வந்தது. அக்கா வளைத்துச் சுற்றிப் பேசவில்லை. நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"நாங்க சூடு பண்றதில்லைங்க. மாவை ஒரு கரைசல்ல போட்டு, அதுல ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டா விடுவோம். அந்த மருந்து தண்ணியோட மட்டும்தான் சேரும். தண்ணி தீர்ந்ததும் மிஷின் நின்னுடும். எவ்வளவு மருந்து செலவாச்சோ அதை வச்சுக் கணக்கு."

"மாவுல தண்ணி இல்லாம வேற ஏதாவது திரவம் இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டும். இந்த மிஷின் அதைக் கண்டுக்காது."

அக்கா போனை வைத்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றியதைக் கண்டக்டர் பார்த்தார். அக்கா பயந்து அவர் பார்த்ததே இல்லை.

"என்னக்கா?"

"ரெண்டு சாட்சியும் உண்மையைத்தான்டா சொல்லியிருக்கு. அந்த மிஷின்கிட்ட 'தண்ணி எவ்வளவு'ன்னு கேட்டோம், ரெண்டுன்னுச்சு. இந்த மிஷின்கிட்ட நாம 'ஈரம் எவ்வளவு'ன்னு கேட்டதா நினைச்சுக்கிட்டோம். அதுக்கு ஈரம்னா என்னன்னே தெரியாது. 'எவ்வளவு ஆவியாப் போச்சு'ன்னுதான் அது சொல்லும். ஒன்பது போச்சு. ரெண்டு தண்ணி. மீதி ஏழு?"

"ஆவியாகும், ஆனா தண்ணி இல்லை" என்றார் கண்டக்டர். அவருக்கு முதல்முறையாக ஜோக் எதுவும் தோன்றவில்லை.

தொழிற்சாலை முழுக்கப் புதினா நெடி. அடுத்த அறையில் அரைக்கிறார்கள். காலையிலிருந்து மூன்று பேருடைய மூக்கும் லீவில் இருந்தது. அக்கா ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மாவைப் போட்டு இறுக மூடி, குழாயிலிருந்து வெந்நீரைப் பிடித்து அதில் புட்டியை நிறுத்தினாள். சற்றுப் பொறுத்துத் தம்பியின் மூக்குக்குக் கீழே மூடியைத் திறந்தாள்.

கண்டக்டரின் வலதுகை தானாகப் போய் இடது தோளைப் பொத்திக்கொண்டது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஊசி என்றால் உயிர் போகும். நர்ஸ் பஞ்சை நனைத்துத் தோளில் தடவுவாளே, அந்த வாசனை வந்தாலே சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு ஓடுகிற ஆள். இப்போது அந்த வாசனைதான் வந்தது, குப்பென்று.

"ஸ்பிரிட்டுக்கா."

"ஸ்பிரிட்தான். தண்ணி ஊத்திப் பிசைஞ்சா காய ஒரு ஷிப்ட் ஆகும். ஸ்பிரிட் ஊத்திப் பிசைஞ்சா சீக்கிரம் காஞ்சுடும், ஒண்ணுக்கு ரெண்டா உற்பத்தி பண்ணலாம். மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஒளிஞ்சிருக்கும். அதைக் கொண்டுபோய்க் கதவு சாத்தின இரும்புப் பெட்டியில, பழுத்த கம்பிக்கு மேல வச்சா…" அவள் ஜன்னலுக்கு வெளியே இருந்த கரிச்சுவரைப் பார்த்தாள். முடிக்கவில்லை.

"மாவை யாரும்மா பிசையறது?"

"கலவை அறைக்கு வேற யாரையும் விட மாட்டாங்க மேடம். கலவைத் தண்ணி அவங்க குடும்ப ரகசியம். முன்னாடி முதலாளி கையாலேயே கலக்குவார். பொண்ணைக் கட்டிக் குடுத்ததும் சாவியை மாப்பிள்ளை சார்கிட்ட குடுத்துட்டார்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "மேடம். காலையில ஒரு லோடு வந்தது. எட்டரை சதவீதம் காட்டுச்சு. நான்தான் திருப்பி அனுப்பினேன். அவர் இப்ப அதைத்தான் டிரையர்ல ஏத்திட்டு இருப்பார்."

மூவரும் ஓடினார்கள். புதினா அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் நடை முழுக்க அதிர்ந்தது. ஓடும்போதே கண்டக்டர் இரைக்க இரைக்கச் சொன்னார்.

"அக்கா, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சே நடக்குது. காலையில தொழிற்சாலை பூரா சுத்திக் காமிச்சார்ல? டிரையர் ரூம் வாசல் வந்ததும் 'நீங்க பாருங்க'ன்னு வெளியவே நின்னுட்டார். நீ மட்டும் உள்ள போனே. நானும் அவரோட வெளிய நின்னேன். நான் பயந்தாங்கொள்ளி, நின்னேன். அவர் ஏன் நின்னார்? ஒரு கால் முன்னாடி, ஒரு கால் ஓடறதுக்கு ரெடியா. அந்த நிலை எனக்கு நல்லாத் தெரியும். பாம்பின் கால் பாம்பறியும்."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். நான் போய் வெளிய இருக்கிற மெயினை இறக்கறேன். நீ அந்த மனுஷனை வெளிய இழுத்துட்டு வா. உள்ள ஒரு சுவிட்சையும் தொடாதே. அணைக்கறதுக்குக்கூடத் தொடாதே. ஒரு பொறி போதும்." அக்கா முற்றத்தின் பக்கம் திரும்பி ஓடினாள். அந்த வயதில் அவள் அப்படி ஓடுவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

டிரையர் அறையின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே, காதில் இரைச்சல் தடுப்பை மாட்டிக்கொண்டு லேப் மேடத்தின் புருஷன் நின்றிருந்தார். டிரையர் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சூடு காட்டும் முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, முகத்தில் வழிந்த வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

கண்டக்டர் வாசற்படியில் நின்றார். போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பத்தடி தூரம்கூட இல்லை. கால் எழவில்லை. கத்திப் பார்த்தார், இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. போன வாரம் கதவு பறந்து மோதிய இடத்தில் சுவர் பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அவர் கண் அதைவிட்டு நகரவில்லை.

அவர் விலாவில் இடித்துக்கொண்டு லேப் மேடம் உள்ளே போனாள். புருஷனின் காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். என்னவோ வீட்டுச் சண்டை என்று நினைத்து அந்த மனுஷன் கையை உதறப் பார்த்தார். அவள் விடவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து, சந்தையில் முரண்டு பிடிக்கிற மாட்டை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதே நேரம் விளக்குகள் அணைந்தன. எல்லா இயந்திரமும் ஒன்றன்பின் ஒன்றாக முனகி ஓய்ந்தது.

அந்த நிசப்தம் இரைச்சலைவிடப் பயமாக இருந்தது. டிரையர் இரும்பு இன்னும் சூட்டில் டிக் டிக் என்று முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. கதவிடுக்கு வழியாக அந்த ஊசி வாசனை இப்போது புதினாவையும் மீறி வந்தது.

முற்றத்தில் லேப் மேடம் புருஷனின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பல் கிட்டித்துப் போயிருந்தது. கண்டக்டர் வாசற்படியைவிட்டு இன்னும் நகரவில்லை. ஒரு பெண்ணை உள்ளே விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த வெட்கத்தில் யார் பக்கமும் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றார்.

முதலாளி ஆபீசிலிருந்து இடி இடிப்பதுபோல் வந்தார். பின்னால் மாப்பிள்ளை.

"யார் மெயினை இறக்கினது? யார் தைரியத்துல இறக்கினீங்க?"

"நான்தான்" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. மெயின் இருந்த கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். "உங்க மாவுல இருக்கிறது தண்ணி இல்லை, ஸ்பிரிட். போன வாரம் எரிஞ்சது அதுதான். யாரும் கொளுத்தலை. இந்தப் பொண்ணு ஒழுங்கா அளந்தா. அளந்து ஈரம்னு சொன்னா. ஈரம்னா திருப்பிச் சூடு பண்ணணும்ங்கறது உங்க சட்டம். ஸ்பிரிட்டைத் திரும்பத் திரும்ப நெருப்புக்குப் பக்கத்துல அனுப்பினது அந்தச் சட்டம்தான்."

முதலாளி சிரித்தார். "கதை நல்லா இருக்கு. கலவைத் தண்ணியை என்னையும் என் மாப்பிள்ளையையும் தவிர ஒரு ஈ காக்கா தொட முடியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

சிரிப்பு நின்றது. பெரியவர் மெதுவாகத் திரும்பினார். "மாப்பிள்ளை, தண்ணிதானே?"

"தண்ணிதான் மாமா. தண்ணி, சர்க்கரை, பசை. நீங்க சொல்லிக் குடுத்த அதே கலவை. இவங்க அந்தப் பொம்பளை சொன்னதைக் கேட்டுட்டுப் பேசறாங்க."

"கேட்டுக்கிட்டீங்களா? என் பொண்ணையே நம்பிக் குடுத்த ஆள்மேல பழி போட வந்துட்டீங்க. நானே போய்த் திறந்து காட்டறேன். என் கையாலேயே அந்த மாவை எடுத்து உங்க மூஞ்சியில பூசறேன், வாங்க."

சொன்ன வேகத்தில் அவர் டிரையர் அறைக்கு நடந்தார். அக்கா முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். "நில்லுங்க" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள், எட்டவில்லை. முதலாளி கண்டக்டரைத் தாண்டி உள்ளே ஒரு அடி வைத்தார். உள்ளே கும்மிருட்டு. அவர் கை வழக்கமான பழக்கத்தில் சட்டைப் பைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது அதில் சிகரெட் லைட்டர் இருந்தது.

கண்டக்டருக்கு அந்தக் கணத்தில் தோன்றியதை அவரால் பிறகு யாருக்கும் சொல்ல முடியவில்லை. தைரியம் வந்ததா என்றால், அதெல்லாம் இல்லை. பயம்தான் வந்தது, இதுவரை வராத அளவுக்கு. ஆனால் இந்தத் தடவை அது அவரை முன்னால் தள்ளிவிட்டது. பாய்ந்து அந்தப் பருத்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். கட்டைவிரலை லைட்டரின் சக்கரத்திலிருந்து பிரித்து நெம்பினார். லைட்டர் கைக்கு வந்ததும் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, முதலாளியைக் கட்டிப்பிடித்த வாக்கில் வெளியே உருட்டிக்கொண்டு வந்தார். இருவரும் முற்றத்துச் சிமெண்டில் விழுந்தார்கள்.

"விடுடா நாயே" என்றார் முதலாளி.

கண்டக்டர் விடவில்லை. அவர் முதலாளியைப் பார்க்கவும் இல்லை. அவர் கண் முற்றத்தின் மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் நிலைகுத்தி நின்றது. அவர் பார்வை போன திசையில் அக்கா பார்த்தாள். லேப் மேடமும் அவள் புருஷனும் பார்த்தார்கள். கடைசியில் கீழே கிடந்தபடியே முதலாளியும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

தொட்டிக்குப் பின்னால் மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்திருந்தார். முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. தலை முழங்காலுக்குள் புதைந்திருந்தது. கண்களை இறுக மூடி, இரண்டு காதிலும் விரலைத் திணித்துக்கொண்டு, வரப்போகும் ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மாமா உள்ளே போனதை அவர் பார்த்திருந்தார். லைட்டரையும் பார்த்திருந்தார். வேண்டாம் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

முதலாளி கையை ஊன்றி எழுந்தார். முழங்காலில் சிராய்த்து ரத்தம் வந்ததை அவர் கவனிக்கவில்லை. மெல்ல நடந்து தொட்டிக்கு அருகில் போய் நின்றார். அவருடைய நிழல் மாப்பிள்ளைமேல் விழுந்தது.

"மாப்பிள்ளை" என்றார். பெண் பார்க்க வந்த அன்று பேசிய அதே மரியாதை குரலில் இருந்தது. "வெறும் தண்ணின்னீங்களே. காதை ஏன் பொத்திக்கிட்டிருக்கீங்க?"

மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.